ரத்தத்தில் ஈயம் 'நார்மல்' என்று வந்தால் இதயத்துக்குப் பயமில்லையா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. இருபத்தைந்து வருடம் பேட்டரி பட்டறையில் வேலை பார்த்தவர், அதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. பிரஷர் மட்டும் நாற்பது வயதிலிருந்தே உண்டு. யாரோ சொன்னார்கள் என்று ரத்தத்தில் ஈயம் பார்த்ததில் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் மாரடைப்புக்கும் ஈயத்துக்கும் சம்பந்தமில்லைதானே? 'கீலேஷன்' என்று ட்ரிப் ஏற்றினால் ஈயமும் போகும், அடைப்பும் கரையும் என்கிறார்களே, செய்யலாமா?

நேரடியான பதில்: சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த 9 என்ற எண் சம்பந்தமில்லை என்று சொல்லவில்லை, கிட்டத்தட்ட எதிர்மாறாகச் சொல்கிறது. கீலேஷன் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஈயம் என்றாலே குழந்தைகளின் மூளை வளர்ச்சி என்ற அளவில்தான் நம்மில் பலருக்கும் தெரியும். பெரியவர்களை அது கொல்வது பெரும்பாலும் இதயம், ரத்தக்குழாய் வழியாகத்தான். அந்த மரணச் சான்றிதழில் ஈயம் என்ற சொல்லே இருக்காது.

முதலில் அந்த 9 (இனி வரும் ரத்த ஈய எண்களும், வேறு அலகு சொல்லாதவரை, டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம்தான்). நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதாவது ரத்தப் பரிசோதனை காட்டுவது கடைசி சில வாரங்களின் கதையை. இருபத்தைந்து வருடக் கதை ரத்தத்தில் இல்லை, எலும்பில் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பிலும் பல்லிலும்தான் தங்குகிறது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்புக்குள் வைத்துவிடுகிறது. கணுக்கால் முதல் முழங்கால் வரை இருக்கும் கெட்டியான எலும்பில் போய் உட்கார்ந்த ஈயம் பாதியாக 10 முதல் 30 வருடம் ஆகும். வீட்டுப் பரண் மாதிரிதான்: ஏற்றியதை மறந்துவிடுவோம், அது பாட்டுக்கு அங்கே இருக்கும், அவ்வப்போது தூசி மட்டும் கீழே கொட்டும்.

உங்கள் அப்பா வேலையை விட்டு ஆறு வருடம் ஆன பிறகும் 9 இருக்கிறது என்றால் இரண்டே வழிதான். ஒன்று, எலும்பிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது. இல்லையென்றால் வீட்டிலோ சாப்பாட்டிலோ இன்னும் எங்கிருந்தோ ஈயம் உள்ளே போகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எதுவானாலும் 'நார்மல்' என்று மூடி வைக்கிற விஷயமில்லை.

எலும்பில் உள்ளதை அளக்கவே முடியாதா? முடியும், ஆனால் நம் ஊர் லேபில் கிடைக்காது. முழங்கால் சில்லிலும் கெண்டைக்கால் எலும்பிலும் எக்ஸ்-ரே ஒளிர்வு முறையில் அளக்கும் கருவிகள் ஆராய்ச்சிக் கூடங்களில் இருக்கின்றன. பாஸ்டன் பக்கம் முன்னாள் ராணுவத்தினரை 1963 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. 1990களில் அவர்களில் பல நூறு பேருக்கு இப்படி எலும்பு ஈயத்தை அளந்தார்கள். பிறகு யார் எதனால் இறந்தார்கள் என்று பார்த்து 2009ல் வெளியிட்டார்கள். முழங்கால் சில்லில் ஈயம் அதிகமாக இருந்தவர்கள் இதயநோயில் இறப்பது தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அதே ஆட்களின் ரத்த ஈயத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இவர்கள் யாரும் பேட்டரி பட்டறைக்காரர்கள் இல்லை. பெட்ரோல் புகையும் பழைய பெயின்ட்டும் சூழ்ந்த நகரத்தில் சாதாரணமாக வாழ்ந்தவர்கள். உங்கள் கேள்விக்கு என்னைக் கேட்டால் இந்த ஒரு ஆய்வுதான் மிக நெருங்கிய பதில்.

இப்போது 'நார்மல்' என்ற சொல். இது எங்கிருந்து வந்தது? தொழிலாளர்களுக்கான பழைய அளவுகோல்கள் வயிற்றுவலி, ரத்தசோகை, கை மணிக்கட்டு தொங்கிப்போவது போன்ற கண்ணில் தெரியும் நஞ்சைத் தடுக்க வைத்தவை. அமெரிக்காவில் 1978ல் போட்ட விதியின்படி ரத்தத்தில் 50, 60 என்று போனால்தான் தொழிலாளியை ஈய வேலையிலிருந்து விலக்க வேண்டும், 40க்குக் கீழ் இறங்கினால் திரும்ப வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பொதுமக்களுக்கான 'நார்மல்' இன்னும் வேடிக்கை. 1970களின் இறுதியில் அமெரிக்கர்களின் சராசரியே 12.8. அதோடு ஒப்பிட்டால் உங்கள் அப்பா சராசரிக்கும் கீழே! பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கக் குறைக்க, 1990 வாக்கில் அந்தச் சராசரி 2.8 ஆனது. இப்போது ஒன்றுக்கும் கீழே. எல்லோரும் நஞ்சு உண்டுகொண்டிருந்த காலத்தில் எடுத்த சராசரியை நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை கிளேர் பேட்டர்சன் 1965லேயே எழுதிவிட்டார். பூமியின் வயதைக் கணக்கிட்டவர் அவர். பாறையில் ஈயத்தை அளக்கப் போய், தன் ஆய்வுக்கூடத்துத் தூசியிலேயே ஈயம் நிறைந்திருப்பதைக் கண்டு இந்தப் பக்கம் திரும்பினார். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்தத்தில் 5 வந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதும் அவர்கள் நிலைப்பாடுதான்.

சரி, குறைந்த அளவு ஈயத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு என்பதற்கு ஆதாரம் எவ்வளவு பலமானது? அதிகம் பேசப்பட்டது 2018ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் புரூஸ் லான்ஃபியர் குழுவினர் வெளியிட்டது. 1988 முதல் 1994 வரை ரத்தம் கொடுத்த 14,289 அமெரிக்கர்களை 2011 வரை பின்தொடர்ந்தார்கள். ரத்த ஈயம் 1.0 இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 6.7 இருந்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களில் இறக்கும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல். இதயத் தமனி அடைப்பால் இறப்பதை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் 6.7 என்பது அந்த மக்கள் கூட்டத்தில் மேல் பத்து சதவீதத்தின் எல்லை. உங்கள் அப்பாவின் 9, வேலையை விட்டு ஆறு வருடம் கழித்து எடுத்தது. பட்டறையில் இருந்த காலத்தில் என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், ஆபத்து ஏறும் விதம். ஈயம் கூடக் கூட ஆபத்தும் ஒரே சீராக ஏறும் என்றுதான் எதிர்பார்ப்போம். இந்தத் தரவில் குறைந்த அளவுகளில்தான் ஏற்றம் செங்குத்தாக இருந்தது. 1லிருந்து 5க்குப் போவது, 20லிருந்து 24க்குப் போவதைவிட மோசம்.

ஆனால் இவை எல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள், யாருக்கும் ஈயம் கொடுத்துச் சோதித்தவை அல்ல. ஈயம் அதிகம் உள்ளவர்கள் பொதுவாக ஏழைகள், புகைப்பவர்கள், பழைய வீட்டில் இருப்பவர்கள். புகையிலையில் காட்மியம் என்ற உலோகமும் உண்டு, அதுவும் ரத்தக்குழாய்க்குக் கெடுதல்தான். இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் மேலே சொன்ன எண்களைத் தருகிறார்கள், ஆனாலும் முழுசாகக் கழித்துவிட்டோம் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தை வைத்து இருபது வருடத்துக்குக் கணிப்பதும் ஒரு பலவீனம். இருந்தும் பல நாடுகள், பல வகை ஆட்கள், எலும்பு, ரத்தம் என்று எப்படி அளந்தாலும் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தாலும் பிரஷர் ஏறுகிறது. ஈயம் ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்பதைக் காரண-காரியமாகவே ஏற்கலாம் என்று 2007ல் வந்த ஒரு பெரிய மறுபார்வை முடிவு செய்தது. 2023ல் அமெரிக்க இதயக் கழகம் ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று அதிகாரபூர்வ அறிக்கையாகவே வெளியிட்டது. இதயநோய் மருத்துவர்களின் சங்கம் இப்படிச் சொல்ல இவ்வளவு காலம் ஆனதுதான் ஆச்சரியம்.

ஈயம் உள்ளே என்ன செய்கிறது? கால்சியம் மாதிரி நடிப்பதுதான் அதன் வேலை எல்லாவற்றுக்கும் வேர். ரத்தக்குழாய்ச் சுவரின் தசை சுருங்குவதும் தளர்வதும் கால்சியத்தின் கட்டளையில் நடக்கிறது. அந்த இடத்தில் ஈயம் புகுந்தால் குழாய் இறுக்கமாகவே இருக்கப் பார்க்கும். குழாயைத் தளர்த்த உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் ஈயம் தூண்டிவிடும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் தின்றுவிடுகின்றன. சிறுநீரகத்தை அது மெதுவாகக் கெடுப்பது தனிக் கதை. சிறுநீரகம் கெட்டால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் சிறுநீரகம் இன்னும் கெடும். இவற்றோடு உட்சுவர் புண்படுவதும் அழற்சியும் சேரும்போது கொழுப்புப் படிய வழி பிறக்கிறது.

பிரஷர் மட்டும்தான் வழி என்றால் கணக்கு உதைக்கும். ரத்த ஈயம் இரண்டு மடங்கானால் மேல் பிரஷர் சராசரியாக ஒரு புள்ளிதான் ஏறுகிறது. ஒரு புள்ளியை வைத்து இத்தனை சாவை விளக்க முடியாது. ஆக பிரஷரைத் தொடாமலும் ஈயம் இதயத்தைக் கெடுக்கிறது என்பதுதான் என் புரிதல். உலக அளவிலான சாவுக் கணக்கில் இருக்கும் பெரிய இடைவெளிக்கும் இதுதான் காரணம். பிரஷர் வழியை மட்டும் பிடித்துக் கணக்கிட்டவர்கள் 2019ம் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் சாவு என்றார்கள். உலக வங்கியின் இரண்டு ஆய்வாளர்கள் 2023ல் மற்ற வழிகளையும் சேர்த்துப் போட்ட கணக்கில் அதே 2019க்கு 55 லட்சம் வந்தது, அதில் பத்தில் ஒன்பது நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில். ஆறு மடங்கு வித்தியாசம்! எது சரி என்று சண்டை நடக்கிறது. கீழ் எண்ணையே எடுத்துக்கொண்டாலும் அது சின்ன எண் அல்ல.

இனி பட்டறைக்கு வருவோம், ஏனென்றால் ஈயம் உடம்பில் எப்படிப் போகிறது என்பதில் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. செத்த பேட்டரி வந்ததும் மேல்மூடியைச் சூடு காட்டிப் பெயர்ப்பார்கள். ஆசிட்டைக் கவிழ்ப்பார்கள். உள்ளே அடுக்கடுக்காக பிளேட். கெட்டுப்போன செல்லை மட்டும் பிடுங்கி, புது பிளேட்டுகளை அடுக்கி, அவற்றின் காதுகளை கேஸ் சுடரில் உருக்கி ஒன்றாக ஒட்டுவார்கள். டெர்மினல் தேய்ந்திருந்தால் இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். உருகிய ஈயம் வெள்ளி மாதிரி மின்னும், கொஞ்ச நேரத்தில் அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படியும். அதை வழித்துத் தரையில் தட்டுவார்கள். பயப்பட வேண்டியது அந்தச் சாம்பலுக்கும், பழைய பிளேட்டிலிருந்து உதிர்ந்து காயும் மாவுக்கும்தான். கெட்டி ஈயத்தைக் கையில் பிடிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தோல் வழியாக அது அவ்வளவாகப் போகாது. மாவு காய்ந்து, துடைப்பத்தில் பெருக்கும்போது மேலே எழும், அதை மூச்சில் இழுப்போம். அதே கையோடு பதினோரு மணிக்கு டீயும் வடையும் வரும். மாலையில் அதே சட்டையோடு வண்டியில் ஏறி வீடு. பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்.

வாய் வழியாகப் போகும் ஈயத்தில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சுவார்கள், வெறும் வயிற்றில் இது பல மடங்கு கூடும். குழந்தைகள் பாதி வரை உறிஞ்சிவிடுவார்கள். அதனால் உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவின் துணிமணியை வீட்டில் துவைத்த அம்மா, அந்த வீட்டில் வளர்ந்த நீங்கள் எல்லோருமே கணக்கில் வருகிறீர்கள்.

பட்டறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கணினி வருவதற்கு முன் அச்சகங்களில் ஈய எழுத்து கோத்தவர்கள், டிவி-ரேடியோ பழுதுபார்க்க வருடக்கணக்கில் சால்டரிங் பிடித்தவர்கள், பழைய பெயின்ட்டைச் சுரண்டித் தேய்த்த பெயின்டர்கள், வலைக்கு ஈயக் குண்டு வீட்டிலேயே உருக்கி ஊற்றும் மீனவர்கள், இவர்களில் யாராவது ஐம்பதைத் தாண்டி நெஞ்சுவலி என்று வந்தால் சிகரெட் உண்டா, குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்கிறோம். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்பதில்லை. 1948ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் முதல் பெயரே ஈய நஞ்சாகத்தான் இருந்தது. ஆனால் 62 வயதில் வரும் மாரடைப்பை அந்தப் பட்டியலோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை.

தொழிலே இல்லாதவர்களுக்கும் இது உண்டு. சென்னையில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 1995ல், அதுவும் மற்ற மூன்று பெருநகரங்களோடு சேர்த்துப் புதிய வகைக் கார்களுக்காக. நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்றது 2000ல். அதற்கு முன் அண்ணா சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்று பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. 1990களின் இறுதியில் ஜார்ஜ் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் இந்திய நகரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 12 வயதுக்குட்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் 10ஐத் தாண்டியிருந்தது. பெட்ரோலில் ஈயம் நின்ற பிறகு சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் செய்து 2009ல் வெளியான ஆய்விலும் சராசரி 11ஐ ஒட்டியே இருந்தது. அந்தக் குழந்தைகளின் மூளையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். எலும்பில் ஏறிய அந்த ஈயத்தோடுதான் அவர்கள் ஒருநாள் மாரடைப்பு வயதுக்கும் போவார்கள் என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

இப்போது அடுப்படி. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்கை மெருகேற்றும்போது பளிச்சென்று நிறம் வர லெட் குரோமேட் என்ற பெயின்ட் சாயத்தைத் தூவிவந்தது 2019ல் அம்பலமானது. சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம். அரசு ரெய்டு போட்டு, அபராதம் விதித்து, பத்திரிகையில் எழுதி, 2021க்குள் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த விஷயத்தில் அவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும். 2024ல் வந்த இன்னொரு ஆய்வில் இந்தியாவிலும் பாட்னா போன்ற இடங்களில் இதே கதை. பொடியில்தான் கலப்படம், முழு மஞ்சள் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தச் சாயம் தூவப்படுவதே முழுக் கிழங்கின் மேல்தான். கையில் எடுத்தால் நிறம் ஒட்டுகிற, கண்ணைப் பறிக்கிற கிழங்கை விட்டுவிட்டு, மங்கலாகச் சொரசொரப்பாக இருப்பதை வாங்குங்கள்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த இண்டாலியம், அலுமினியப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து சமைக்கும்போது ஈயம் இறங்குகிறது என்று 2025ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு போன்ற புளிப்புப் பண்டங்கள் இதை இன்னும் இழுக்கும். ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அது வேறு உலோகம். காரீயம், அதாவது நாம் இங்கே பேசும் ஈயம், கலக்காதவரை பிரச்சினையில்லை. கலந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, அதனால் தெரியாத கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அப்பாவுக்கு மூட்டுவலிக்கோ சர்க்கரை வராமலிருக்கவோ பற்பம், செந்தூரம் ஏதாவது கொடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008ல் வெளியான ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது.

அடுத்தது கீலேஷன். இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது, கதை அதைவிடச் சிக்கலானது. இடிடிஏ என்ற மருந்து ரத்தத்தில் உள்ள ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். கடுமையான ஈய நஞ்சுக்கு அது சரியான மருந்துதான். குழந்தைகளுக்கு 45ஐத் தாண்டினால் கீலேஷன் கொடுப்பது வழக்கம். இதய அடைப்புக்கு இதைக் கொடுப்பது பல பத்தாண்டுகளாக ஓரமாக நடந்துவந்தது, பெரும்பாலான மருத்துவர்கள் சிரித்தார்கள். அப்படியானால் சோதித்தே பார்த்துவிடலாம் என்று அமெரிக்க அரசுப் பணத்தில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 1,708 பேருக்கு ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப்பேருக்கு 40 ட்ரிப் மருந்து, மீதிப்பேருக்கு வெறும் திரவம். 2013ல் முடிவு வந்தபோது சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மருந்து ஏற்றியவர்களுக்கு மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், சாவு போன்றவை 18 சதவீதம் குறைவு. சர்க்கரை உள்ளவர்களிடம் 41 சதவீதம் குறைவு!

ஒரே சோதனையை நம்பிவிடக் கூடாது என்று அதே தலைவர், மயாமியைச் சேர்ந்த கெர்வாசியோ லாமாஸ், இரண்டாவது சோதனையை நடத்தினார். இந்த முறை சர்க்கரையும் பழைய மாரடைப்பும் உள்ள ஆயிரம் பேர். 2024ல் முடிவு. மருந்து ரத்த ஈயத்தை 61 சதவீதம் இறக்கியது. இதயத்துக்கு எந்தப் பலனும் இல்லை. மருந்து எடுத்தவர்களில் 35.6 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, எடுக்காதவர்களில் 35.7. இதைவிடத் தெளிவாக ஒரு 'இல்லை' கிடைக்காது.

இதில் ஒரு கொக்கி உண்டு. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களின் ஈய அளவு நடுவாக 9 இருந்தது, ஆனால் லிட்டருக்கு 9. உங்கள் அப்பாவுக்கு டெசிலிட்டருக்கு 9, அதாவது லிட்டருக்கு 90. பத்து மடங்கு. அதனால் "அவர்களுக்கு ஈயமே குறைவு, எடுத்து என்ன பயன், எங்க பேஷன்டுக்கு நிச்சயம் பலன் இருக்கும்" என்று ஒரு கிளினிக்காரர் வாதாடலாம். வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. ரத்தத்திலிருந்து எடுத்தாலும் எலும்பிலிருந்து சில வாரங்களில் திரும்ப வந்து நிரம்பும். இருபத்தைந்து வருடம் புண்பட்ட தமனியை அது பழையபடி ஆக்காது. அடைப்பு கரையும் என்பது விளம்பரம் மட்டுமே. ஆபத்தும் உண்டு: இடிடிஏ இரண்டு உப்புகளாக வருகிறது. கால்சியம் சேர்ந்தது ஈயத்துக்கானது. கால்சியம் இல்லாத மற்றொன்றைத் தவறாகவோ வேகமாகவோ ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கி இதயமே நின்றுவிடும். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்வது? அப்பாவின் மாரடைப்புக்கு ஈயம்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்கு என்று சொல்லலாம், தனி ஆளுக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஈயம் இதயத்தைக் கெடுக்கும் பாதைகளில் சிலவற்றை அடைக்க முடியும், அவற்றில் நம் கையில் இருப்பது முக்கியமாகப் பிரஷர்தான். நாற்பதிலேயே ஆரம்பித்த பிரஷர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள், "வயசுக்கு இது பரவாயில்லை" என்று விடாதீர்கள். வீட்டிலேயே மெஷின் வைத்து எழுதி வாருங்கள். சிறுநீரகத்துக்கு கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் வருடம் ஒருமுறை பாருங்கள், ஈயம் பட்டவர்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்தம் உறையாத மாத்திரை எதையும் ஈயத்தின் பேரைச் சொல்லி நிறுத்த வேண்டாம்.

எலும்பு கரையும் நிலைமைகளில் அதில் உள்ள ஈயம் ரத்தத்துக்கு வரும்: மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பது, தைராய்டு அதிகமாக இருப்பது, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் வருடங்கள். அப்பாவை நடக்க வையுங்கள். அம்மாவுக்கும் ஒருமுறை ஈயமும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். சாப்பாட்டில் கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் புதிதாக வரும் ஈயத்தைக் குடல் குறைவாகவே உறிஞ்சும். கேழ்வரகு, மோர், கீரை என்று வழக்கமான சாப்பாடே போதும். 'ஈயத்தை வெளியேற்றும்' பொடிகள் வேண்டாம்.

பழைய வேலைக் கருவிகள், மிச்ச பிளேட், ஈயக் கட்டி எதுவும் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடாமல், பேட்டரி விற்கும் முறையான டீலரிடம் கேளுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. அவை இருந்த இடத்தைப் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை ரத்தம் பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து அப்பாவுக்கு மறுபடி ஈயம் எடுங்கள். அதே லேபில், கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில். முடியை வெட்டிப் பார்க்கும் டெஸ்டும், மருந்து கொடுத்துச் சிறுநீரில் ஈயத்தை வரவழைத்துப் பயமுறுத்தும் டெஸ்டும் தேவையில்லை. ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள், டெசிலிட்டரா லிட்டரா என்று. எண் மெல்ல இறங்கினால் எலும்பிலிருந்துதான் வருகிறது, பொறுமையாக இருக்கலாம். அப்படியே நின்றாலோ ஏறினாலோ வீட்டில் எங்காவது ஊற்று இருக்கலாம், மஞ்சள் டப்பாவிலிருந்து தேட ஆரம்பியுங்கள். கார்டியாலஜிஸ்டிடம் அடுத்த முறை போகும்போது ஃபைலின் முதல் பக்கத்தில் "பேட்டரி பட்டறை, 25 வருடம், ரத்த ஈயம் 9" என்று எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதவில்லை என்றால் நீங்களே எழுதி வையுங்கள்.